அறுநூற்றுப் பத்து ஜிபி

மாநிலத்திலேயே மிகச் சிறந்த பெண் லாரி ஓட்டுநர் என்று ராஜகுமாரிக்குச் சான்றிதழ் வந்தபோது அவளுக்கு வயது இருபத்தாறு. நிஜ லாரி எதையும் அவள் ஓட்டியதில்லை. குன்னூரின் பெட்போர்டு பகுதியில் பிரீத்தி நடத்தும் பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது அவள் வேலை. கூட்டம் குறைந்த மதிய வேளைகளில் மூலைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மலைப்பாதையில் சரக்கு லாரி ஓட்டும் ஆட்டம் ஒன்றை ஆடுவாள். மூன்று வருடமாக ஆடினாள். மழையிலும் மூடுபனியிலும் இருபது டன் சரக்கைக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கும்போது அவள் முகத்தில் ஒரு சலனமும் இருக்காது.

மாநில மின்விளையாட்டு ஊக்க வாரியம் முதன்முதலாகப் பெண்களுக்கு ஒரு போட்டி நடத்தியது. நான்கு மாதம், நாற்பத்தோரு ஆட்டம். ராஜகுமாரி முதலாவதாக வந்தாள். முதலாவதாக வருபவருக்கு வாரியத்தின் ஊட்டிக் கிளையிலேயே இளநிலை உதவியாளர் வேலை என்று அறிவித்திருந்தார்கள். சான்றிதழோடு வந்த கடிதத்தில், வேலை உறுதி என்று ஒரு வரியும், நிபந்தனைகள் என்று பத்தொன்பது பக்கமும் இருந்தன.

அந்த வேலை அவளுக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை என்று சொல்லிவிட வேண்டும். அப்பா மூக்கன் இறந்து ஆறு வருடமாகிறது. அம்மா அங்கம்மா ஜெகதளாவுக்குக் கீழே ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள். செப்டம்பர் முடிவில் அவளுக்கு ஐம்பத்தெட்டு முடிந்து ஓய்வு. லயம் என்று சொல்லும் எஸ்டேட் லைன் வீடு வேலையில் இருப்பவர்களுக்குத்தான். ஓய்வுக்குப் பிறகு ஒரு மாதம் அவகாசம் உண்டு, அதற்குள் வீட்டில் வேறு யாராவது எஸ்டேட் வேலைக்குப் பேர் பதிந்தால் வீடு தங்கும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ராஜசேகர் சொல்லியிருந்தார். ராஜகுமாரி பேர் பதியலாம்தான். ஆனால் வாரியத்தின் ஏழாவது நிபந்தனைப்படி, நியமன ஆணை வரும்வரை அவள் வேறு எந்தச் சம்பளப் பட்டியலிலும் இருக்கக் கூடாது. பிரீத்தி கையில் கொடுக்கும் காசுக்குப் பட்டியல் கிடையாது. ஆணை வந்துவிட்டால் வாடகை வீடு பார்த்துக்கொள்ளலாம். வராவிட்டால் எங்கே போவது என்று ராஜகுமாரி அம்மாவைக் கேட்டாள். "லயத்த விட்டு எனக்கு வேற எடமே தெரியாதே புள்ள" என்றாள் அங்கம்மா.

பன்னிரண்டாவது நிபந்தனைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். போட்டியாளர் தாமே ஆடினார் என்பதற்குச் சான்றாக, எல்லா ஆட்டங்களின் காணொளிப் பதிவையும், எதிரே வரும் வாகனத்தின் நம்பர் பிளேட் தெரியும் தெளிவில், வெட்டாமல், சுருக்காமல், மூலக்கோப்பாக இரண்டு மாதத்துக்குள் சமர்ப்பிக்க வேண்டும்.

பதிவுகள் ராஜகுமாரியிடம் இருந்தன. ஆட்டம் ஒன்று பதினைந்து ஜிபிக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் அறுநூற்றுப் பத்து ஜிபி. இதை வைக்க இடமில்லாமல் அவள் பட்ட பாடு தனி. கடைசியில், மூடிப்போன வர்க்கி பிஸ்கட் பேக்கரி ஒன்றின் கண்காணிப்புக் கேமராப் பெட்டியிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்கை மலிவாக வாங்கி, இரண்டு வருட வர்க்கி வியாபாரத்தை அழித்துவிட்டு அதில் வைத்திருந்தாள்.

வாரியத்தின் இணையதளத்தில் பதிவை ஏற்ற ஒரு பெட்டி இருந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில், கோப்பின் அளவு ஐந்து எம்பிக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது.

பிரீத்தி கணக்குப் போட்டாள். ஐந்து எம்பி வீதம் வெட்டினால் ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் துண்டு. துண்டுக்கு இரண்டு நிமிடம் என்றால் தூங்காமல் நூற்று எழுபது நாள். அதுவும் வெட்டக் கூடாது என்று நிபந்தனையிலேயே இருக்கிறது. ராஜகுமாரி டிஸ்க்கைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு ஊட்டிக்கு பஸ் ஏறினாள்.

கிளை அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது. பதிவேட்டு எழுத்தர் வேலாமணி அவளை உட்காரச் சொல்லி, உதவி இயக்குநர் வசந்தகுமாரிடம் அழைத்துப் போனாள். அவர் ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் கோட்டுக்கு மேல் மப்ளரும் போட்டிருந்தார். ஐந்து எம்பி விஷயத்தை ராஜகுமாரி சொன்னாள். அவர் வருத்தப்படவில்லை.

"வீடியோங்கறது என்னங்க? நெறைய போட்டோ. போட்டோ ஏத்தறதுக்குத்தான் அந்தத் தளத்தையே கட்டினோம். அஞ்சு எம்பி தாராளம்னு நிபுணர் குழுவே சொல்லியிருக்குதுங்க."

குழுவில் யாராவது இந்த ஆட்டத்தை ஆடியிருக்கிறார்களா என்று அவள் தயக்கத்தோடு கேட்டாள்.

"ஒருத்தரும் ஆடினதில்லீங்க. ஆடியிருந்தா நடுநிலை போயிருமுங்களே" என்றார் அவர்.

கோப்பின் அளவைச் சுருக்கித் தரலாமா என்று கேட்டதற்கு, சுருக்கினால் உண்மையும் சுருங்கிவிடும் என்றார். டிஸ்க்கையே கொண்டுவந்திருப்பதாக அவள் சொன்னதும் வேலாமணி இரண்டடி பின்னால் போனாள். அலுவலகக் கம்ப்யூட்டர்களில் வெளியிலிருந்து எதையும் செருகக் கூடாது என்று உத்தரவு. யாரும் மறந்துவிடக் கூடாது என்பதற்காகச் செருகும் துளைகளை எல்லாம் அரக்கு ஊற்றி முத்திரை வைத்திருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டரில் ஆர்வத்தில் காற்றுப் போகும் துளைகளுக்கும் ஊற்றியிருந்தார்கள். அது ஓடவில்லை என்பதால் பாதுகாப்பில் முதலிடம் என்று அதன் மேல் ஒரு கேடயம் இருந்தது.

இணைய இணைப்பாக அனுப்பினால் ஏற்கலாம் என்று பதினான்காவது நிபந்தனையில் ஒரு வழி இருப்பதாக வேலாமணி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

இணையத்தில் பெரிய இடம் வேண்டுமென்றால் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். இலவசமாகக் கிடைப்பது ஒரு கணக்குக்குப் பதினைந்து ஜிபி. ஒரு ஆட்டத்துக்கு ஒரு கணக்கு. ராஜகுமாரிக்குத் தன் கணக்கு போக இன்னும் நாற்பது வேண்டும். நாற்பது கணக்குக்கு நாற்பது போன் நம்பர்.

லைனில் இருந்தவர்கள் யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. மூக்கனின் மகளுக்கு ஆபீஸ் வேலை கிடைக்கப்போகிறது என்ற ஒன்றே போதுமாக இருந்தது. மறுநாள் ராஜகுமாரி லீவு போட்டுவிட்டு, பிரீத்தியின் லேப்டாப்போடு பதினோராம் நம்பர் தேயிலைக் காட்டின் தலைமேட்டுப் பாறையில் உட்கார்ந்தாள். அங்கேதான் நெட் கிடைக்கும், கீழே மெசேஜ் வரும் அளவுக்குத்தான் சிக்னல். கீழே சரிவில் பெண்கள் நிரையாக நின்று கொழுந்து பறித்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவராக அவர்கள் போனுக்கு ஓடிபி வரும். முதல் நிரையில் இருந்த பேச்சியம்மா ஆறு எண்களையும் உரக்கச் சொல்ல, அடுத்தவள் வாங்கி மேலே சொல்ல, அது நிரை நிரையாக ஏறிப் பாறைக்கு வந்து சேரும். நடுவில் ஒரு ஏழு ஒன்பதாகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. மேஸ்திரி கந்தன் முதலில் திட்டினார். பிறகு அவரே பாதி வழியில் நின்று எண்களைத் திருத்தி அனுப்பினார். அவருடைய போனும் அந்த நாற்பதில் ஒன்று.

மூலைக் கம்ப்யூட்டரில் மற்றதையெல்லாம் அழித்து இடம் செய்து, டிஸ்க்கில் இருந்ததை அதில் நகலெடுத்து, நாற்பத்தோரு ஆட்டங்களையும் ஏற்றி முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. பிரீத்தியின் இணைப்பு மெதுவானது. மின்சாரம் போனால் முக்கால்வாசி ஏறியது எல்லாம் வீண். அந்த ஒன்பது நாளும் சென்டருக்கு வந்தவர்களிடம் நெட் இல்லை என்று சொல்லிப் பிரீத்தி திருப்பி அனுப்பினாள். அவளுக்கு நஷ்டம்தான். அதைப் பற்றி ராஜகுமாரி பேச்செடுத்தபோது, வேலை கிடைத்தபின் ஊட்டியில் ஒரு நல்ல சாப்பாடு போதும் என்று சொல்லிவிட்டாள்.

இணைப்புகள் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் வாரியத்திலிருந்து பதில் வந்தது. நாற்பத்தோரு பதிவுகளும் நாற்பத்தோரு நபர்களின் பெயரில் இருக்கின்றன. கணக்கு யார் பெயரிலோ, ஆட்டத்தை ஆடியவரும் அவரே என்று விதிப்படி கருதப்படும். ஆகவே நாற்பது ஆள்மாறாட்டங்கள் குறித்து விசாரணை நடைபெறும். நாற்பது பேரும் நேரில் வர வேண்டும்.

வந்தார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, கொழுந்து ஏற்றும் லாரியில் நின்றுகொண்டு, நாற்பது பேரும் ஊட்டிக்கு வந்தார்கள். மாடிப்படியில் ஆரம்பித்த வரிசை தெருவரை நீண்டது. வசந்தகுமார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, மேஜைமேல் ஒரு கீபோர்டை வைத்து, இதில் பிரேக் எது என்று கேட்டார். வேலாமணி எழுதிக்கொண்டாள்.

பேச்சியம்மா கீபோர்டைத் தொடவில்லை. "எனக்கு லாரி ஓட்டத் தெரியாது சாமி. இன்னைக்கும் பின்னால கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னுதான் வந்தேன்" என்றாள்.

அது இப்படிப் பதிவாயிற்று: விசாரிக்கப்பட்டவர், சம்பந்தப்பட்ட வாகனத்தில் தாம் இருந்ததை ஒப்புக்கொண்டார்.

மாலை நான்கு மணிக்கு விசாரணை முடிந்தது. நாற்பது பேரும் குற்றமற்றவர்கள் என்று தெரியவந்ததில் வசந்தகுமாருக்கு ஏமாற்றம் இருந்தாலும் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். வரிசையைப் பார்த்து ஒரு சிறு உரையாற்றினார். வாரியம் தொடங்கி ஐந்து வருடத்தில் அதன் வாசலுக்கு இத்தனை மக்கள் வந்தது இதுவே முதல்முறை, இதை ஆண்டறிக்கையில் விழிப்புணர்வு முகாம் என்று சேர்த்துக்கொள்ளப்போகிறோம், எல்லோரும் ஒரு போட்டோவுக்கு நிற்க வேண்டும் என்றார். நின்றார்கள். பிறகு, வாரியத்தின் சான்றாவணங்கள் வெளியாட்கள் கையில் இருப்பது தவறு என்பதால் எல்லோரும் தங்கள் கணக்கில் உள்ளதை அங்கேயே அழித்துவிட வேண்டும் என்றார். அழிக்கத் தெரியாதவர்களுக்கு வேலாமணி அழித்துக் கொடுத்தாள்.

ராஜகுமாரி ஒவ்வொரு போனாக அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிஸ்க்கிலும் பிரீத்தியின் கம்ப்யூட்டரிலும் இன்னும் இருக்கிறது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

செப்டம்பர் முடிய ஒன்பது நாள் இருந்தது. அவள் தினமும் ஊட்டிக்குப் போக ஆரம்பித்தாள். மாடி வராண்டாவில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்புவாள். ஐந்தாம் நாள் வசந்தகுமார் மனமிரங்கினார். தனி நேர்வாகக் கருதி ஒரே ஒரு துளையின் அரக்கை உடைக்க மேலிடத்தில் அனுமதி வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

அதற்கு மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழுவுக்கு டீயும் வர்க்கியும் வந்தன. முத்திரை சேதமில்லாமல் இருப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார்கள். பிறகு கத்தரிக்கோலால் குடைந்து அரக்கை எடுத்தார்கள். எடுத்த அரக்கை ஒரு உறையில் போட்டு, அந்த உறைக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். டிஸ்க்கைச் செருகினார்கள். கம்ப்யூட்டர் இரண்டு தடவை முனகிவிட்டு நின்றுபோனது. இவ்வளவு பெரிய டிஸ்க்கைப் படிக்க அதற்கு வயதாகிவிட்டது என்று குழு ஒருமனதாக முடிவு செய்தது.

பரவாயில்லை, டிஸ்க்கை வைப்பாகப் பெற்றுக்கொள்கிறோம், பெற்றுக்கொண்ட தேதியே சமர்ப்பித்த தேதி, புதிய கம்ப்யூட்டர் வந்ததும் சரிபார்த்து ஆணை அனுப்புகிறோம் என்றார் வசந்தகுமார். ஒரே ஒரு உறுதிமொழிப் பத்திரம் மட்டும் வேண்டும். மூலக்கோப்பு என்றால் அது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். இன்னொன்று இருந்தால் எது மூலம், எது நகல் என்ற குழப்பம் வரும். வேறு எங்கும் பிரதி இல்லை என்று ராஜகுமாரி எழுதித்தர வேண்டும், பொய்யென்று தெரிந்தால் தகுதி நீக்கம்.

அவள் வராண்டாவுக்கு வந்து பிரீத்திக்குப் போன் செய்தாள்.

"கையெழுத்தப் போட்டுக் குடுத்துரு ராஜி" என்றாள் பிரீத்தி. "என்ற சிஸ்டத்துல இருக்கறது அவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது? இருக்கட்டும்."

"விசாரணைன்னு உன்னையும் கூப்பிடுவாங்க பிரீத்தி. கீபோர்ட நீட்டி பிரேக் எதுன்னு கேப்பாங்க. நீ சரியாக் காமிச்சுட்டா நீதான் ஆடினன்னு எழுதிடுவாங்க."

வா, கடையைச் சாத்தாமல் வைத்திருக்கிறேன் என்றாள் பிரீத்தி. சாயங்காலம் குன்னூருக்குத் திரும்பி, மூலைக் கம்ப்யூட்டரில் நாற்பத்தோரு கோப்புகளையும், தன் கணக்கில் இருந்த ஒன்றையும் ராஜகுமாரி தன் கையாலேயே அழித்தாள். மறுநாள் காலை கையெழுத்திட்டுக் கொடுத்தாள். வேலாமணி ரசீது எழுதினாள். பொருள்: ஹார்டு டிஸ்க். எண்ணிக்கை: ஒன்று. நிறம்: கறுப்பு. நிலை: கீறல் இல்லை.

அங்கம்மா ஓய்வு பெற்றாள். எஸ்டேட்டில் ஒரு சால்வையும் சுவர்க்கடிகாரமும் கொடுத்தார்கள். கூடவே, அக்டோபர் முப்பத்தொன்றுக்குள் சாவியை ஒப்படைக்கும்படி ஒரு தாளும் கொடுத்தார்கள். அங்கம்மா கடிகாரத்தை மாட்டவில்லை. இறக்க வேண்டியிருக்கும் என்று அட்டைப்பெட்டியிலேயே வைத்திருந்தாள்.

அக்டோபர் மூன்றாம் வாரம் ராஜகுமாரிக்கு வாரியத்திலிருந்து அழைப்பிதழ் வந்தது. ஆணை என்று நினைத்து அவசரமாகப் பிரித்தாள். மின்பதிவுப் பாதுகாப்பகத் திறப்பு விழா. மாவட்டத்தின் முதல் வைப்பாளர் என்ற முறையில் அவள் முன்வரிசையில் அமர வேண்டும்.

பாதுகாப்பகம் என்பது ஒரு அறை. உள்ளே ஒரு இரும்பு அலமாரி இருந்தது. வாசலில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். விழாவைப் படம்பிடிக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஸ்டுடியோவை வரவழைத்திருந்தார்கள். ஒரு டிரோன் அலுவலகத்தின் தகரக் கூரையைச் சுற்றிச் சுற்றிப் பறந்தது. வசந்தகுமார் ஒரு மணி நேரம் பேசினார்.

"ஒரு பதிவு அழிஞ்சா ஒரு மனுசனோட உழைப்பே அழிஞ்ச மாதிரிங்க. நம்ம வாரியத்துல ஒண்ணு உள்ள வந்துட்டா, அதுக்கப்புறம் அதை யாரும் பார்க்க முடியாது, தொட முடியாது, எடுக்கவும் முடியாது. அதுக்குப் பேருதானுங்க பாதுகாப்பு."

எல்லோரும் கைதட்டினார்கள். ராஜகுமாரியும் தட்டினாள். கூட்டம் கலைந்தபின் ஆணை எப்போது வரும் என்று கேட்டாள். புதிய கம்ப்யூட்டர் திங்கட்கிழமை வருகிறது, வந்ததும் முதல் வேலை உங்களுடையதுதான் என்றார் அவர்.

திங்கள், செவ்வாய், புதன் போயிற்று. வியாழன் காலை அவளே போனாள். புதிய கம்ப்யூட்டர் மேஜைமேல் இருந்தது. துளைகளுக்கு இன்னும் அரக்கு ஊற்றவில்லை. அவளைப் பார்த்ததும் வேலாமணி எழுந்து, தண்ணீர் குடிக்கிறாயா அம்மிணி என்று கேட்டாள். வேலாமணி அப்படி இதற்கு முன் கேட்டதில்லை.

வசந்தகுமார் அலமாரியைத் திறந்து டிஸ்க்கை எடுத்துச் செருகினார். திரையில் ஒரே ஒரு கோப்பு இருந்தது. அவர் அதைத் திறந்தார். மேகத்துக்கு நடுவே தகரக் கூரை சுழன்று வந்தது. பிறகு மைக்குக்கு முன்னால் அவரே நின்றார்.

ராஜகுமாரி திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இதற்கு முன்னால் இருந்தது எங்கே என்று கேட்டாள்.

வேலாமணிதான் சொன்னாள். விழாப் படத்தைக் கொடுக்க ஸ்டுடியோக்காரன் டிஸ்க் கேட்டான். டிஸ்க் வாங்க வாரியத்தில் நிதி ஒதுக்கீடு இல்லை. அலமாரியில் இது ஒன்றுதான் இருந்தது. இது நிரம்பியிருக்கிறது, என்ன செய்யட்டும் என்று அவன் கேட்டான். சுத்தம் செய்து கொள்ளச் சொன்னார்கள். இரண்டு கேமரா, டிரோன் என்று எல்லாவற்றையும் ஒரே கோப்பாகச் சேர்த்ததில் டிஸ்க் முழுவதும் தேவைப்பட்டது. சொல்லும்போது வேலாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வசந்தகுமார் நிதானமாகத்தான் இருந்தார். ரசீதை வாங்கிப் படித்துப் பார்த்தார். டிஸ்க்கைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க, ஒண்ணு. கறுப்பு. ஒரு கீறல் இல்லை. உள்ள இருந்ததுக்கு நாங்க ரசீது கொடுக்கலீங்களே?"

"அதுல நான் இருந்தேன் சார்" என்றாள் ராஜகுமாரி.

அதை அவர் மறுக்கவில்லை. மனிதாபிமான அடிப்படையில், மூலக்கோப்பை மறுபடி சமர்ப்பிக்க ஏழு நாள் அவகாசம் தருவதாகச் சொன்னார். பிரதி இல்லை என்று அவள் எழுதிக் கொடுத்த பத்திரம் கோப்பில் இருப்பதால், எங்கிருந்தாவது பிரதி வந்தால் தகுதி நீக்கம் செய்ய வேண்டியிருக்கும் என்பதையும் நினைவுபடுத்தினார். டிஸ்க்கையாவது கொடுங்கள், கோயம்புத்தூரில் மீட்டுத் தரும் கடைகள் இருக்கின்றன என்று அவள் கேட்டுப் பார்த்தாள். டிஸ்க் இருப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது, இப்போது அது வாரியத்தின் சொத்து என்றார். அலமாரியைப் பூட்டினார்.

அவள் படியிறங்கும்போது வேலாமணி பின்னாலேயே வந்தாள். மேலே யாரோ மணியடித்துக் கூப்பிட, வேலாமணி போய்விட்டாள்.

பஸ்ஸில் ராஜகுமாரிக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. அரவங்காடு தாண்டியதும் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்த பெண் தலை சுற்றுகிறதா என்று கேட்டு ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்தாள். அவள் அதை மோந்துகொண்டே குன்னூரில் இறங்கினாள். பிரீத்தியின் கடைக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்கு நடந்தாள். அங்கம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிச்சை அவிழ்த்து, டீ போட ஒரு பாத்திரத்தை வெளியே எடுத்தாள்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு எஸ்டேட் ஆபீஸ் முன்னால் ஆட்கள் கூடியிருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ராஜசேகர் மேஜைமேல் ஆட்களின் பேர்ப் பதிவேடான செக்ரோலை விரித்து வைத்திருந்தார். தன் முறை வந்ததும் ராஜகுமாரி கைப்பையைத் திறந்து, பள்ளிச் சான்றிதழ், ஆதார் நகல், வாரியம் கொடுத்த சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து முன்னால் வைத்தாள். அவர் அவற்றைப் பார்க்கவில்லை. மழை படுகிறது, உள்ளே வை என்றார்.

"பேரு?"

"ராஜகுமாரி."

அவர் பென்சிலை எடுத்து அங்கம்மா என்ற பெயரை ஒரு கோட்டால் அடித்து, அதன் மேலே ராஜகுமாரி என்று எழுதினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வேறு ஏதாவது கொண்டுவர வேண்டுமா என்று அவள் கேட்டாள்.

"கூடை" என்றார் அவர்.